இருபது பேர் குழுவுக்கு எந்த நடத்தை விதி பொருந்தும்?

யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு, பங்களிப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லும் நடத்தை விதி வைப்பது இன்று அரை நிமிட வேலை. நிரல்களைப் பகிர்ந்து எழுதும் கிட்ஹப் தளத்தில் புதுக் கோப்பைத் திறந்து, தயாராக இருக்கும் வார்ப்புருக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது. அப்படி வைத்த விதிகள் பல சும்மா கிடக்கின்றன என்பதற்கான ஆதாரமும் அங்கேயே இருக்கிறது. ‘புகார் அனுப்ப வேண்டிய முகவரியை இங்கே எழுதவும்’ என்று வார்ப்புருவில் விட்டிருக்கும் காலி இடத்தை நிரப்பாமலே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்கள் தேடினால் நிறையக் கிடைக்கும்.

கோத்தகிரியில் நாங்கள் பராமரிக்கும் மென்பொருள் ரொம்பச் சின்னது. எஸ்டேட், சிறு விவசாயிகளின் தேயிலைத் தோட்டம், பள்ளிக்கூடம் என்று மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் மழைமானிகளின் அளவைத் தினமும் பதிந்துவைக்கும் செயலி. குழுவில் இருபது பேர். படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் என்று வீட்டுமொழி ஆளுக்கு ஒன்று. ஓய்வுபெற்ற எஸ்டேட் அலுவலர்கள், கல்லூரி மாணவர்கள், கொரோனா காலத்தில் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பி இங்கிருந்தே ஐடி வேலை பார்ப்பவர்கள், ஒன்றிரண்டு ஆசிரியர்கள். இப்படிப்பட்ட குழுவுக்கு என்ன விதி வைப்பது என்ற பேச்சு ஒரு புல் ரிக்வெஸ்ட்டில்தான், அதாவது நிரலில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கையில்தான், கிளம்பியது.

வானிலை ஆய்வுத் துறை மழை அளவை எடுப்பது காலை எட்டரை மணிக்கு. ஒன்பதாம் தேதி காலை மானியில் நிற்கும் தண்ணீர் எட்டாம் தேதி காலையிலிருந்து பெய்தது. அதை எந்தத் தேதியில் எழுதுவது? துறையின் வழக்கப்படி, அளவெடுத்த ஒன்பதாம் தேதியில். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் வேலை பார்த்த எஸ்டேட்டிலோ எட்டாம் தேதிக்கு நேரேதான் எழுதுவார்கள். பெய்தது நேற்றுத்தானே என்பது அவர்கள் கணக்கு. செயலியும் இத்தனை நாள் அந்தக் கணக்கில்தான் ஓடியது. பந்தலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் இதைக் கண்டுபிடித்து, துறையின் வழக்கத்துக்கு நிரலை மாற்றி அனுப்பினார். மாற்றம் சரியானதுதான். மூத்தவர் கீழே எழுதியது: “நேத்து வந்த பொண்ணு எனக்கு மழைக்கணக்கு சொல்லித் தருதா?” அதற்கும் கீழே இன்னொருவர், “சிலோன் மழைக்குத் தேதி வேற போல” என்று எழுதிச் சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டார். அந்தப் பெண்ணின் தாத்தா பாட்டி, 1964 சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவர் பதில் எதுவும் எழுதவில்லை. புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் போய்விட்டார். புகாரும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை.

ஆகவே எங்கள் முன் இருந்த ஒவ்வொரு விதியையும் இந்த இரண்டு வரிகளை வைத்தே உரசிப் பார்த்தேன். இது ஏற்கெனவே எழுதியிருந்தால் அன்று என்ன நடந்திருக்கும்?

முதல் தேர்வு, எதையும் எழுதாமல் விடுவது. “ஏனுங்க, நாம இருபது பேரு. இதுக்குப் போயி சட்டம் போடணுமா?” என்பவர்கள் எங்களிலும் உண்டு. அது வெறும் சோம்பேறித்தனமும் அல்ல. 1991-இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி) 2015 வரை எழுதிய விதி இல்லாமல்தான் வளர்ந்தது. 2015-இல் வந்த ‘கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ கூடச் சில பத்திகள்தான். உங்கள் நிரல் கவனமாக ஆராயப்படும், விமர்சனமும் வரும், அது தரத்துக்காகத்தான் என்று சொல்லும். 2018 செப்டம்பரில், கெர்னலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தன் பேச்சு முறைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தபோது அதையும் எடுத்துவிட்டுப் புது விதி கொண்டுவந்தார்கள். எழுதாமல் இருப்பதால் விதியே இல்லை என்று ஆகிவிடாது. எங்கள் குழுவில் எழுதாத விதி ஒன்று நன்றாகவே நடைமுறையில் இருந்தது: பெரியவர் சொன்னால் சின்னவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். “அண்ணன் பேச்சு அப்படித்தான், மனசுல ஒண்ணும் இல்ல” என்று நாலு பேர் சமாதானம் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

இரண்டாவது, சுருக்கமான விதி. ரூபி நிரல்மொழிக்காரர்கள் 2016-இல் வைத்துக்கொண்டது நாலே அம்சம். எதிர்க்கருத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள், தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம், மற்றவர் சொல்வதை நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள், துன்புறுத்தல் சகிக்கப்படாது. அழகான உரை. ஒரே மூச்சில் படித்துவிடலாம். எங்கள் குழுவில் பெரும்பாலோருக்குப் பிடித்ததும் இதுதான். எனக்குச் சிக்கல் மூன்றாவது அம்சத்தில். நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொள் என்பது பேசினவரைவிடக் கேட்டவர் மேல்தான் அதிகச் சுமையை ஏற்றுகிறது. வயதுக்கும் பதவிக்கும் ஏற்கெனவே தலைகுனிந்து பழகிய இடத்தில் அந்த வரி பெரியவர் பக்கமே சாயும். இரண்டாவது அம்சத்தின்படி மூத்தவர் எழுதியது தவறுதான். அதை அவரிடம் போய் யார் சொல்வது என்பதற்கு இந்த உரையில் பதில் கிடையாது.

கட்டற்ற மென்பொருளின் முன்னோடியான க்னூ திட்டத்துக்காக அதன் நிறுவனர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2018-இல் எழுதிய ‘கனிவான உரையாடல் வழிகாட்டல்’ இதே ரகம். தண்டனை கிடையாது என்பதை அவர் வேண்டுமென்றே அப்படி வைத்தார். விதியாக அது எங்களுக்குப் போதாது. ஆனால் நிரலை மதிப்பிடுபவர்களுக்கான அறிவுரையாக அதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதற்குப் பதில் சொல்லுங்கள், அதை ஊதிப் பெருக்கிவிட்டு அதற்குப் பதில் சொல்லாதீர்கள். ஒரு மக்கள்கூட்டமே இப்படித்தான் என்று பேசாதீர்கள். மழைத்தேதித் தகராறுக்கு இந்த இரண்டும் அப்படியே பொருந்தும்.

நடுவில் ஒருவர், இதற்கெல்லாம் எதற்கு வெளிநாட்டு உரை, நம்மிடம் இல்லாத நீதி நூலா, அதில் ஒன்றை எடுத்து வைத்துவிடலாமே என்றார். இதையும் ஏற்கெனவே செய்துபார்த்திருக்கிறார்கள். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருளை எழுதிய ரிச்சர்ட் ஹிப், ஆறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் துறவி பெனடிக்டின் மடத்து விதிகளைத் தன் திட்டத்தின் நடத்தை விதியாக வைத்திருந்தது 2018-இல் பெரிய பேச்சானது. கடைசியில் அதற்கு ‘அறநெறி’ என்று பெயர் மாற்றிவிட்டு, நடத்தை விதியாக, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லாவின் உரையை எடுத்துக்கொண்டார்கள். நீதி நூல் ஒருவர் தன்னைத் திருத்திக்கொள்ள உதவும். புகார் வந்தால் அடுத்த நாள் என்ன செய்வது என்று அதில் இருக்காது.

மூன்றாவது தேர்வு, லினக்ஸ் இயங்குதளங்களான உபுண்டு, டெபியன் பாணி. உபுண்டு 2004-இல் பிறந்தபோதே நடத்தை விதியோடு பிறந்தது. உறுப்பினராக விரும்புபவர் அதைப் படித்துத் தன் ஜிபிஜி சாவியால் (மின்னணுக் கையொப்பத்துக்கான ரகசியச் சாவி) கையொப்பமிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள்; படிக்காமல் தலையாட்டிவிட்டுப் போவதை இது கொஞ்சமாவது தடுக்கும். பொறுப்பிலிருந்து விலகும்போது மற்றவர் தொடர்வதற்கு வசதி செய்துவிட்டு விலகுங்கள் என்றும் அதில் இருக்கிறது. செமஸ்டர் தேர்வு வந்ததும் சொல்லாமல் காணாமல் போகும் மாணவர்கள் உள்ள குழுவுக்கு அது தேவைதான். டெபியன் 2014-இல் வாக்கெடுத்து ஏற்ற விதியில் எனக்குப் பிடித்தது ‘சுருக்கமாகப் பேசுங்கள்’. ஆறு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புபவர்கள் இருக்கும் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன்.

ஆனால் டெபியனின் உரை சின்னதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர்களுக்குத் தனியாக அமைப்புச் சட்டம் இருக்கிறது, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் தலைவர் இருக்கிறார், தகராறுகளைக் கவனிக்கக் குழு இருக்கிறது. உரையை நகலெடுத்தால் உரை மட்டும்தான் வரும், அதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு வராது.

நான்காவது, கோரலைன் அடா எம்கி 2014-இல் எழுதிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட், எந்தத் திட்டமும் எடுத்துக்கொள்ளக்கூடிய வார்ப்புரு விதி. கெர்னல் 2018-இல் எடுத்துக்கொண்டதும் இதன் 1.4 பதிப்பைத் தழுவியதுதான். நீளமானது, கொஞ்சம் வக்கீல் நோட்டீஸ் வாடை அடிக்கும், அமெரிக்காவில் இருப்பவரை மனதில் வைத்து எழுதியது என்பதும் தெரியும். எங்களில் சிலருக்கு இதைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு அது மாறிவந்த விதத்தைப் பார்க்க வேண்டும். 2019-இல் வந்த 2.0 மொசில்லாவைப் பார்த்துப் படிப்படியான நடவடிக்கையைச் சேர்த்தது: முதலில் தனிப்பட்ட முறையில் திருத்தம், பிறகு எச்சரிக்கை, பிறகு தற்காலிகத் தடை, கடைசியில் நிரந்தரத் தடை. 2021-இல் வந்த 2.1, யாரையும் எதன் அடிப்படையிலும் ஒதுக்கக்கூடாது என்ற பட்டியலில் சாதியைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் விதி எழுத உட்காரும் குழுவுக்கு இந்த ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல, நாமாகச் சேர்க்கப் போனால் “நம்ம குழுவுல அதெல்லாம் இல்லையே, எதுக்கு எழுதணும்?” என்று கிளம்பும் விவாதத்திலேயே ஒரு மாதம் ஓடிவிடும். 2025-இல் வந்த 3.0 அந்தப் பட்டியலில் மொழியையும் சேர்த்திருக்கிறது. கூடலூரில் ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டதும் எந்த ஊர், எந்தக் கூட்டம் என்று அளந்துவிடுவார்கள். எங்களுக்கு இதுவும் முக்கியம்.

3.0-இல் இன்னொரு மாற்றமும் உண்டு. ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது, அதற்கு என்ன விளைவு என்பதோடு, ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்ய என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்கிறது. பெருநகரத்தில், அல்லது முகம் தெரியாத இணையத்தில், ஒருவரைத் தடைசெய்தால் அத்தோடு முடிந்தது. கோத்தகிரியில் தடைசெய்தவரை மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பார்க்க வேண்டும், அடுத்த மாதம் ஒரே கல்யாணத்தில் பந்தியில் உட்கார வேண்டும். மழைத்தேதித் தகராறை இந்த உரையில் போட்டுப் பார்த்தால்: மூத்தவருக்குத் தனிக் கடிதம், எது தவறு, ஏன் தவறு என்ற விளக்கத்தோடு. ‘சிலோன்’ என்று எழுதியவருக்கு அதைவிடக் கடுமையான எச்சரிக்கை, ஏனென்றால் அது பூர்வீகத்தைப் பிடித்துச் செய்த கேலி. இருவரும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது, அவர் விரும்பினால் மட்டும். நிரல் மாற்றத்தைத் திரும்பத் திறந்து அவர் பெயரிலேயே சேர்ப்பது. இவ்வளவுதான். யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை.

சொந்தமாகவே எழுதிக்கொள்ளலாமே என்பது ஐந்தாவது வழி. ஆர்வம் இருப்பவர்கள் செய்யட்டும். ஓட்டையில்லாமல் எழுத அனுபவம் வேண்டும், எங்களிடம் இருக்கும் அனுபவம் பைத்தானிலும் தேயிலையிலும்தான்.

உரை எதுவானாலும், அந்தக் காலி இடத்தில் யார் பெயரை எழுதுவது என்பதுதான் எனக்கு நிஜமான கேள்வியாகப் படுகிறது. உரைகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட இதில் இருக்கும் வித்தியாசம் பெரிது.

வழக்கமாகச் செய்வது, எந்த மாற்றத்தைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளர்களையே போடுவது. எங்களுக்கு இரண்டு பராமரிப்பாளர்கள். அதில் ஒருவர் தேதித் தகராறில் சம்பந்தப்பட்டவர், மற்றவர் அவருக்கு மருமகன் முறை. கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், மலையில் இது சகஜம். ஒரே ஹட்டி (படுகர் ஊர்), ஒரே பள்ளிக்கூடம், ஒரே தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலை போடுபவர்கள். புகார் கொடுப்பவரின் அப்பாவும் புகாருக்கு ஆளானவரும் ஒரே எஸ்டேட்டில் மேலாளும் கீழாளுமாக இருந்திருக்கலாம்.

குழுவுக்குள்ளேயே மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பது அடுத்த வழி. இங்கே ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தகராறைத் தீர்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உறவு முறியாமல் முடித்துவைப்பதில் அதற்கு இணை கிடையாது. எல்லோருக்கும் முன்னால் பேசியாக வேண்டும் என்பதுதான் அதில் கஷ்டம். இருபது வயதுப் பெண் அப்படி நின்று பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. மூன்று பேர் குழுவிலும் அதே கதைதான். புகாரைக் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தாலும் சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிடும்.

எனக்குச் சரியென்று பட்டது மூன்றாவது வழி. புகார் வாங்குபவர் மூன்று பேர், அவர்களில் ஒருவர் மட்டும் குழுவுக்குள்ளிருந்து, மற்ற இருவர் வெளியிலிருந்து. மூவரில் இரண்டு பேராவது பெண்கள். வெளியாட்களில் ஒருவர் சமவெளியில் இருப்பவராக இருக்க வேண்டும், அதற்குக் காரணம் வானிலை. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மரம் விழுந்தால் மின்சாரமும் போகும், இணையமும் போகும். 48 மணி நேரத்துக்குள் பதில் என்று விதியில் எழுதிவிட்டு மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒருவர் இருந்தால் ‘கிடைத்தது, பார்க்கிறோம்’ என்றாவது பதில் போகும். தமிழ்நாட்டில் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆள் கேட்டால் கிடைக்காமல் போகாது, பதிலுக்கு அவர்கள் குழுவுக்கு நம்மில் ஒருவர் போகலாம். வெளியாளுக்கு நம் சூழல் புரியாது என்று ஒரு ஆட்சேபம் வந்தது. உள்ளே ஒருவர் இருப்பதே அதை விளக்கத்தான். சொந்தக்காரர், கூட வேலை பார்ப்பவர் மீது புகார் வந்தால் அந்த உள்ளாள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

வெளியாளுக்கு அதிகாரம் இல்லாவிட்டால் இது வெறும் அலங்காரம். ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் 2021 நவம்பரில் நடத்தை விதியைக் கவனித்துவந்த குழுவினர் மொத்தமாகப் பதவி விலகினார்கள். மையக் குழு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத இடத்தில் இருக்கிறது, அவர்கள் மீது விதியைச் செலுத்த முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். உலகறிந்த திட்டத்திலேயே அப்படி. எங்கள் செயலியின் கிட்ஹப் நிர்வாக உரிமை, இணையப் பெயர், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எல்லாம் தொடங்கிவைத்தவர் ஒருவர் கையில் இருக்கின்றன. அவர் நல்ல மனிதர், அது வேறு விஷயம். புகார் வாங்குபவர்களில் ஒருவருக்காவது அதே நிர்வாக உரிமை கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. கெர்னலின் நடத்தை விதிக் குழு, எத்தனை புகார் வந்தது, என்ன செய்தோம் என்று பெயரில்லாமல் அறிக்கை வெளியிடுகிறது. பெரிய திட்டங்களுக்கு அது நல்ல பழக்கம். இருபது பேர் குழுவில் ‘மதிப்பீட்டில் கேலி செய்த ஒருவருக்கு எச்சரிக்கை’ என்று எழுதினால் யார், யாரை என்பது எல்லோருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிடும். எங்களுக்கு ‘இந்த ஆண்டு வந்த புகார்கள் விசாரித்து முடிக்கப்பட்டன’ என்ற ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஊதியமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் ‘பணியாளர்’ என்ற வரையறைக்குள் வருகிறார். பத்துப் பேருக்குக் குறைவான பணியிடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. எங்கள் குழு இதில் எங்கே நிற்கிறது என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எப்படியும் எங்கள் விதியில், காவல் நிலையத்துக்கோ மாவட்டக் குழுவுக்கோ போவதை இது தடுக்காது, முதலில் எங்களிடம்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்ற வாக்கியம் இருக்கும். பள்ளிக்கூட மழைமானிகள் இருப்பதால் குழந்தைகளும் எங்களோடு வேலை செய்கிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டம். அதைப் ‘பேசி முடிக்கும்’ உரிமை எந்தக் குழுவுக்கும் கிடையாது.

கடைசியில் நான் குழுவுக்கு வைக்கும் யோசனை இதுதான். உரை, கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் 3.0, தமிழில், கைவைக்காமல். நீளம் பிடிக்காதவர்களுக்காக அதன் முன்னால் ரூபியினுடையதைப் போல நாலு வரி, நல்லெண்ண வரியை மட்டும் எடுத்துவிட்டு. மதிப்பீடு எழுதுபவர்களுக்கு க்னூவின் வழிகாட்டல், கட்டாயமில்லாத வாசிப்பாக. உபுண்டுவைப் போலக் கையொப்பம்; ஜிபிஜி எல்லாம் வேண்டாம், தன் பெயரை ஒரு கோப்பில் சேர்த்து அனுப்பும் புல் ரிக்வெஸ்ட் போதும். புதிதாக வருபவருக்கு அதுவே முதல் பங்களிப்பாகவும் ஆகிவிடும்.

பின்னால் எங்கள் சொந்தப் பக்கம் ஒன்று, அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல். மதிப்பீட்டில் வயது பார்க்காமல் எல்லோருக்கும் ‘நீங்கள்’. நேரில் கூடும் கூட்டங்கள் கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிய வேண்டும். இருட்டினால் வழியில் யானையும் காட்டெருமையும் நிற்கும் ஊரில், கூட்டம் நீண்டால் பெண்களும் தூரத்து ஊர்க்காரர்களும்தான் பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கிறது, முடிவுகள் அதற்குப் பிறகு எடுக்கப்படுகின்றன. தோட்டங்களுக்கு அளவெடுக்கப் போகும் ஜீப் பயணத்துக்கும் விதி செல்லும். பழைய மழைப் பதிவேட்டைத் தந்தவர் பெயரைத் தரவோடு சேர்த்தே வெளியிட வேண்டும். அவர் பெயர் போட வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப்பில் குழுவுக்கு வெளியே இரண்டு உறுப்பினர்களுக்குள் நடக்கும் தனிப்பட்ட பேச்சுக்கு விதி செல்லுமா என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகவில்லை. செல்லாது என்பவர்களே அதிகம். மென்பொருள் சம்பந்தமான பேச்சு என்றால் எங்கே நடந்தாலும் செல்ல வேண்டும் என்பது என் கட்சி. அதை அடுத்த கூட்டத்தில் வாக்குக்கு விடுகிறோம். வெளியாட்கள் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் கோப்பைக் கிட்ஹப்பில் ஏற்றுவோம். அதுவரை அந்தக் காலி இடத்தோடு எதையும் ஏற்றுவதாக இல்லை.